முகத்துவாரத்தை விட்டுப் போன பவளம்

மலையும் கடலும் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஆறும் பவளமும் அக்கா தங்கையாக இருந்தார்கள். அக்கா மலையில் பிறந்து ஓடி வருவாள். தங்கை முகத்துவாரத்தில் ஒரு கல்லைப் பற்றிக்கொண்டு குடியிருந்தாள். ஆற்றுநீர் அப்போது அடிமணல் தெரியும் தெளிவு. தங்கையின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வெயில் குடித்து வளர்ந்தன. மலையில் நடப்பதையெல்லாம் அக்கா வந்து சொல்வாள்.

ஓர் ஆண்டு மலையில் கிழங்கும் தேனும் அற்றுப்போயின. அங்கே வாழ்ந்த சடையன் தன் இரண்டு பெண்களோடு ஆற்றங்கரைக்கு வந்தான். ஆற்றைக் கேட்காமல் அவர்கள் ஒரு கிளையைக்கூட ஒடிப்பதில்லை. சின்னவளுக்கு நிற்கவும் தெம்பில்லை.

"ஆத்தா, சரிவு மரங்களை வெட்டித் தினை போட்டா இதுக பிழைச்சுக்கும்" என்றான்.

வேர்கள்தான் மண்ணைப் பிடித்திருக்கின்றன என்பது ஆற்றுக்குத் தெரியும். சின்னவளின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"வெட்டிக்கோ" என்றாள்.

தினை விளைந்தது. பெண்கள் பிழைத்தார்கள். அடுத்த மழையில், பிடிப்பில்லாத சரிவு கரைந்து ஆற்றில் இறங்கியது. ஆறு செம்மண் குழம்பாகிக் கடலுக்கு ஓடினாள்.

தங்கையின் பிள்ளைகள் மேல் சேறு படிந்தது. தன் உடம்பின் வழவழப்பால் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க மேலும் படிந்தது. வெயில் மறைந்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வெளுத்து, மூச்சடைத்துப் போயின.

"அக்கா, கொஞ்ச நாள் வராமல் இரேன்" என்றாள் தங்கை.

"எனக்கு நிற்கத் தெரியாதே, தங்கச்சி" என்றாள் ஆறு.

தங்கைக்கோ கால் இல்லை. கல்லை விட்டு எழுந்து போக முடியாது. அன்று பிறந்து, இன்னும் எந்தக் கல்லிலும் ஒட்டாத குஞ்சுகளை மட்டும் கூப்பிட்டாள். நீரோட்டத்தோடு போய், பெரியம்மாவின் நீர் எட்டாத இடத்தில் ஒட்டிக்கொள்ளச் சொன்னாள். பெரியம்மா மேல் கோபம் வேண்டாம் என்றும் சொன்னாள். கடைசிக் குஞ்சு கண்ணுக்கு மறையும்வரை சேற்றுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் மூடிப்போனாள்.

மறுநாள் ஆறு வந்து கூப்பிட்டாள். பதில் இல்லை. இரண்டு கரையையும் அறுத்துக்கொண்டு அழுதாள். அதில் இன்னும் கொஞ்சம் மண்தான் சேர்ந்தது.

கடலை நெருங்கும்போது ஆறு நடையைக் குறைத்து, சுமந்து வந்த மண்ணை முடிந்தமட்டும் கரையோரமே இறக்கிவைப்பது அதற்குப் பிறகுதான். பெருமழை ஆண்டுகளில் அதுவும் அவளால் முடிவதில்லை. ஆறு கடலில் சேரும் இடத்தில் பவளம் இல்லாமல், தூரத்துத் தீவுகளைச் சுற்றியே அது வளர்வது அன்று தொடங்கியதுதான்.