கடல் பக்கம் சாய்ந்த மைதானம்

இந்தக் கதையில் வரும் குருவுக்குக் காவி கிடையாது, ஆசிரமம் கிடையாது. கழுத்தில் ஒரு விசில் உண்டு. சீடருக்கோ குருவைவிட வயது அதிகம். தலை முழுக்க நரை. வாழ்நாளெல்லாம் பிறருக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தவர். உலகம் தலைகீழாகிவிட்டதே என்று யாரும் பதற வேண்டாம். கால்பந்து உலகில் இதெல்லாம் நடக்கும்.

குருவின் பெயர் பிலோமினா. பல வருடம் கால்பந்து நடுவராக ஓடியவர். இப்போது ஒரு தொழில்முறை லீகின் ஒழுங்குக் குழுவுக்குத் தலைவி. எந்த வீரருக்குத் தடை விதித்தாலும் அவர் கையெழுத்து விழாமல் செல்லாது. ஒரு காலத்தில் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்ததால் லீகில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

சீடர் ஆவுடையப்பன், ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. லீகின் விசாரணை அதிகாரியாகப் புதிதாகச் சேர்ந்திருந்தார். “சட்டம் எனக்குத் தெரியும், ஆட்டம் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்” என்று முதல் நாளே பிலோமினாவிடம் கேட்டுக்கொண்டார். அந்தப் பணிவு நிஜமானது. ஆனால் சட்டம் தெரியும் என்று சொன்னாரே, அதில்தான் கொஞ்சம் மிதப்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அவர் தன் முதல் அறிக்கையோடு அரங்கத்துக்கு வந்தார். பிலோமினா கோல் கம்பத்தருகே நின்று வலையின் முடிச்சுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடிச்சிட்டேன் டீச்சர். கையெழுத்துதான் பாக்கி. நாளைக்கு மேட்ச் இருக்கு, அதுக்குள்ள அறிவிக்கணும்னு காலையிலிருந்து லீக் தலைவர் போன் மேல போன்.”

“என்ன எழுதியிருக்கீங்க?”

“இசக்கிராஜாவுக்கு ஒரு சீசன் தடை.”

பிலோமினாவின் கை வலையிலேயே நின்றது.

இசக்கிராஜா, வெள்ளோடை என்ற சின்ன அணியின் தடுப்பாட்டக்காரன். முப்பதைத் தாண்டியவன். ஒரு சீசன் வெளியே உட்கார்ந்தால் அப்புறம் அவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆட்டம் அதோடு சரி. போன வாரம் இதே மைதானத்தில் கார்னர் பந்துக்கு அவனும் அபினவும் சேர்ந்து எகிறினார்கள். இறங்கும்போது இசக்கியின் முழங்கை அபினவின் தாடையை உடைத்தது. அபினவ் இந்த அரங்கத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் பவளக்கரை அணியின் நட்சத்திரம். ஊரில் பாதிச் சுவர்களில் அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

“வேணும்னே அடிச்சானா?” என்று கேட்டார் பிலோமினா.

“வீடியோ இருக்கு டீச்சர். கை வீசறது பளிச்சுன்னு தெரியுது. மெதுவா ஓட்டிப் பார்த்தா இன்னும் மோசம்.”

“யார் எடுத்த வீடியோ?”

“பவளக்கரை கிளப் கேமராதான். மேற்கு கேலரியில இருக்கே, அது. வேற கேமரா ஏது?”

“விசாரணை எங்க நடந்துச்சு?”

“அவங்க ஆபீஸ்லதான். அபினவ் வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க, அலைய முடியாது. ஆனா ஒண்ணு டீச்சர், ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் கொடுத்தேன். ஒரே கேள்விதான் கேட்டேன். ஒரு சொல் கூடக் குறையல. ஒரே விதி, ஒரே தராசு.” ஆவுடையப்பன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். பொய்யில்லை. அவர் ஒரு வாய்க் காப்பிகூட அந்தக் கிளப்பில் குடிக்கவில்லை.

“அபினவ் கூட யார் வந்தா?”

“வக்கீல், டாக்டர், மேனேஜர்.”

“இசக்கி கூட?”

“தனியாத்தான் வந்தான். ராத்திரி பஸ்ல வந்தானாம், கண்ணெல்லாம் செவந்து கிடந்துச்சு. மன்னிப்புக் கேளுப்பான்னு நானே வாயைத் திறந்து சொன்னேன். ‘செய்யாததுக்கு எதுக்கு சார்’னு எதிர்த்துப் பேசறான். அதையும் அறிக்கையில சேர்த்திருக்கேன்.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருந்தது. நீதிமன்றத்தில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

பிலோமினா அங்கே கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு நடந்தார். ஆவுடையப்பன் அறிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

நடுப்புள்ளியில் பந்தை வைத்தார்.

“தெற்கு கோலைப் பார்த்து உதைங்க சார்.”

“நானா? விளையாடுறீங்களா டீச்சர்?”

“மைதானத்துல வேற என்ன செய்யறது? உதைங்க.”

ஆவுடையப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். யாருமில்லை என்று உறுதியானதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு உதை விட்டார். பந்து தயங்காமல் ஓடி, பெனால்டி கட்டத்துக்குள் போய் நின்றது. இந்த வயதில் இவ்வளவு தூரமா என்று அவருக்கே பெருமை பிடிபடவில்லை.

பிலோமினா ஓடிப்போய்ப் பந்தைக் கொண்டுவந்து அதே புள்ளியில் வைத்தார்.

“இப்போ வடக்கு கோலைப் பார்த்து. அதே வேகம்.”

உதைத்தார். பந்து பாதி வழியில் சோர்ந்து நின்றுவிட்டது.

“கால் சரியாப் படலை. இன்னொரு தடவை” என்றார்.

இன்னொரு தடவையும் அதே கதைதான். அதற்கடுத்த தடவையும். மூச்சு வாங்கியது. குனிந்து முழங்காலில் கையூன்றி நின்றவர், தரையைப் பார்த்தார். புல் சீராகத்தான் இருந்தது. வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார்.

“சாய்வா இருக்கா டீச்சர்?”

“தெற்கேதானே கடல். மழைத்தண்ணி அந்தப் பக்கம் வடியணும்னு கட்டும்போதே அப்படி வச்சுட்டாங்க. சும்மா நின்னு பார்த்தா தெரியாது.”

“இத்தனை வருஷமா இதுலயா லீக் நடத்துறீங்க?” ஆவுடையப்பனுக்குள் இருந்த நீதிபதி விழித்துக்கொண்டார். “மேட்டைப் பார்த்து ஆடுறவன் என்ன பாவம் செஞ்சான்? இது அநியாயம் இல்லையா? யாரும் புகார் கொடுக்கலையா?”

“இல்லை சார்.”

“ஏன்?”

“இடைவேளை முடிஞ்சதும் ரெண்டு அணியும் என்ன செய்யும்?”

“பக்கம் மாறி ஆடு...”

வார்த்தை அங்கேயே நின்றது.

கக்கத்திலிருந்த அறிக்கை சட்டென்று கனத்தது அவருக்கு. இசக்கிராஜா விசாரணை அறையை விட்டுப் போகும்போது கதவருகே நின்று திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ‘எங்க கோல்கீப்பர் பின்னாடிதான் சார் நின்னான். என்னை யார் தள்ளினாங்கன்னு அவன் பார்த்தான். உப்பளத்துல வேலை, லீவு கிடைக்கலை. அவனை ஒரு வார்த்தை கேளுங்க சார்.’ வீடியோ இருக்கும்போது சாட்சி எதற்கு என்று தான் பதில் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அதை அவர் அறிக்கையில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதுதான் அவரை இப்போது சுட்டது.

அவர் மெல்ல நடந்து வடக்கு கோலுக்குப் போனார். கார்னர் பந்து வந்த அன்று வெள்ளோடை கோல்கீப்பர் நின்ற இடம் அதுதான். கம்பங்களுக்கு நடுவே நின்று மேற்கு கேலரியைப் பார்த்தார். கேமரா மேடை தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. இங்கிருந்து பார்த்தால் எகிறுகிறவர்களின் முதுகு தெரியும். முதுகில் யார் கை வைத்தாலும் தெரியும். கை வைத்தார்களா என்பது அவருக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

“தப்பா எழுதிட்டேனா டீச்சர்?”

“எனக்கு எப்படி சார் தெரியும்?”

“அவன் வேணும்னே அடிச்சிருந்தா?”

“அடிச்சிருந்தா தடைதான். முதல் ஆளா நானே கையெழுத்துப் போடறேன்.”

ஆவுடையப்பன் அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அலைபேசி அடித்தது. லீக் தலைவர். எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

“வெள்ளோடைக்கு பஸ் எங்க நிக்கும்?” என்று கேட்டார்.

“அரங்கத்துக்குப் பின்னாடி. ராத்திரி பஸ்தான், ஒவ்வொரு நிறுத்தமா நின்னு போகும்.”

மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தார். வாயில்வரை போனவருக்கு அலைபேசி மறுபடி அடித்தது. திரும்பி நின்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“தலைவர் கேட்டா என்ன சொல்லட்டும் டீச்சர்?”

பிலோமினா பந்தைக் கொண்டுபோய் நடுப்புள்ளியில் வைத்தார்.

“முதல் பாதிதான் முடிஞ்சிருக்குன்னு சொல்லுங்க.”