நடு சீட்டில் ஒரு சீடர்

வேலப்ப சாமியும் அவருடைய சீடர் மாசிலாமணியும் மெல்போர்னுக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். சாமிக்கு அங்கே ஒரு சத்சங்கம். மாசிலாமணிக்கு அதைவிடப் பெரிய வேலை. இறங்கிய கையோடு தங்கை கோகிலவாணியின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அந்தக் குழந்தைக்கு இருப்பதோ ஒரே தாய்மாமன்.

ஜன்னலோரம் சாமி. நடுவில் மாசிலாமணி. நடைபாதை ஓரத்தில் யாரோ ஒரு ஆசாமி, ஏறியதும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியவர்.

சாமியும் கம்பளியைக் கழுத்துவரை இழுத்தார், தூங்கிவிட்டார். அவ்வளவுதான். சோறு வந்தது தெரியாது, விளக்கை அணைத்தது தெரியாது.

மாசிலாமணி கதையைக் கேட்கவே வேண்டாம். கழுத்துக்கு ஊதுகிற தலையணை, கண்ணை மறைக்கத் துணி, காதுக்குப் பஞ்சு, காலுக்கு இறுக்கமான சாக்ஸ் என்று யார் எதைச் சொன்னார்களோ அத்தனையும் வாங்கி மாட்டியிருந்தார். பொழுதெல்லாம் காப்பி குடிக்கிற மனுஷன், அன்று அதைத் தொடக்கூட இல்லை. இத்தனை செய்தும் தூக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தண்ணீர் குடிக்கக் கண்விழித்த சாமி திரும்பிப் பார்த்தார். சீடர் முட்டுக்கொடுத்து நிறுத்தியது போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"தூங்கலீங்களா?"

"வரமாட்டேங்குதுங்க சாமி. பயமா இருக்குதுங்க. போன தடவை இப்படித்தான் தூங்காமப் போய் இறங்கினேன். காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாம கை ஆடுச்சு. காலைல மடியில குழந்தை, காதுல ஊசி. அப்பவும் என் கை ஆடுச்சுன்னா..."

 சாமி பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டார்.

"சாமி மட்டும் எப்படீங்க தூங்கறீங்க? இதே சீட்டுதானுங்களே? ஏதாச்சும் மூச்சுப் பயிற்சிங்களா?"

சாமிக்கு இப்போது ஆவல் வந்துவிட்டது. சீடரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"கழுத்து நல்லாத்தான் இருக்குது. காலும் சரி. அதென்னங்க, என் பக்கத்துத் தோளு மட்டும் மேல ஏறி நிக்குது?"

"அதுங்களா... ஒண்ணுமில்லீங்க."

சாமி தன் முழங்காலை ஒரு விரல் அளவு நகர்த்தினார். மாசிலாமணியின் முழங்கால் இரண்டு விரல் விலகியது. சாமி இருவருக்கும் பொதுவான கைப்பிடியில் முழங்கையை வைத்தார். ஏற்கெனவே ஒடுங்கியிருந்த கையை மாசிலாமணி இன்னும் ஒடுக்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டார்.

"அட!" என்றார் சாமி. "ஏறினதிலிருந்து இப்படியேவா உக்காந்திருக்கீங்க?"

"பின்னே என்னங்க சாமி? அசந்துட்டேன்னா தலை உங்க தோள்ல விழுந்துருமுங்களே. குரு மேல சீடன் சாயலாமுங்களா? ஊர்ல உங்க பாய்ல கூட நான் கால் வெச்சதில்லீங்க."

சாமிக்கு மாசிலாமணியைவிட ஏழு வயது குறைவு. அதைச் சொன்னால் மாசிலாமணி காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

"அதுக்குத்தான் முழிச்சுக் காவல் காக்கறீங்களாக்கும்."

"மரியாதைங்க சாமி."

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓரத்து ஆசாமி தூக்கத்தில் சரிந்து சரிந்து வந்து, மாசிலாமணியின் மறு தோளில் தலையைப் போட்டார். குறட்டையும் விட ஆரம்பித்தார். மாசிலாமணி அசையவில்லை. அந்தத் தலை நழுவிவிடாதபடி தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கூடக் கொடுத்தார்.

"யாருங்க அவரு?"

"தெரியாதுங்க சாமி."

"எழுப்பி விடலாமுங்களா?"

"ஐயோ, வேண்டாமுங்க. பாவம், நல்லாத் தூங்கறாரு."

"பாரமா இருக்குதுங்களா?"

மாசிலாமணி யோசித்துப் பார்த்தார். "இல்லீங்க."

"உங்க மரியாதை ஏதாச்சும் குறைஞ்சு போச்சா?"

"அதெப்படீங்க குறையும்? ஆனா அவரு சாயறது என் மேலீங்க சாமி. நீங்க வேறயில்லீங்களா."

"சரி, நான் வேறயாவே இருந்துட்டுப் போறேன்." சாமி கம்பளியை மறுபடி கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "காலைல ஊசி கிட்ட வர்றப்போ அந்தக் குழந்தைகிட்ட நீங்களே சொல்லிருங்க. 'மாமன் ராத்திரி பூரா சாமிக்கு மரியாதை பண்ணினேன் கண்ணு, அதுதான் கை ஆடுது'ன்னு."