அசனத்து ஜெபம்

அசனம் என்றால் சாலேம்புரத்து அசனம்தான் என்பார்கள். ஆலயப் பிரதிஷ்டை நாளில் சபை முழுவதும் கூடிச் சமைத்துப் போடும் விருந்து அது. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் வருவார். எல்லோருக்கும் ஒரே பந்திதான். வந்தவர் அரை வயிற்றோடு திரும்பினார் என்ற பேச்சே அந்த ஊருக்குக் கிடையாது.

அந்தப் பெயரில் போன வருடம் கரி பூசியவர் ஞானாபரணம்.

அவர் சபையின் உபதேசியார், ஆயருக்குத் துணையாக ஜெபமும் பிரசங்கமும் செய்கிறவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு, மளிகைக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். தன்னைவிட இளையவரான ஆயர் திர்சாள் அம்மாவிடம்தான் வேதம் படித்தார். பிரசங்கம் பண்ணப் பழகியதும் அவரிடம்தான். வயதை நினைத்துக் கூச்சப்பட்டதில்லை.

சாம்பார் அண்டாவில் பருப்பு கொதித்து வரும்போது உபதேசியார் ஜெபம் செய்வது அங்கே வழக்கம். சமையலில் நிற்கிறவர்கள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடுவார்கள். போன வருடம் ஞானாபரணம் சபையின் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி ஜெபித்தார். எந்த வீட்டில் நோயாளி, எந்த வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எந்த வீட்டுப் பையனுக்கு வேலை போய்விட்டது, ஒன்றையும் விடவில்லை. பாதியில் அடிபிடித்த வாடை வந்தது. எல்லோருக்கும் வந்தது. ஆனால் ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறப்பது யார்? சபை பக்தியோடு நின்றது, பருப்பு தீய்ந்தது. ஆமென் வருமுன்னே சமையல் மேஸ்திரி தவசிமுத்துவின் "ஐயோ!" வந்தது.

வந்த ஜனத்துக்கு வெறும் சோறும் மோரும்தான் போட முடிந்தது. சிலர் பாதியில் எழுந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு ஆலயத்தில் கடைசி பெஞ்சுக்குப் போன ஞானாபரணம் முன்னால் வரவேயில்லை. யார் வீட்டுக்கும் ஜெபத்துக்குப் போகவில்லை. தெருவில் பிள்ளைகள் அவரைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு "ஆமென்" என்றார்கள்.

இந்த வருட அசனத்தன்று காலையில் ஆயர் அம்மா அவருக்கு ஆள் விட்டார். சமையல் கொட்டகைக்கு வந்தவர் ஓரமாக நின்றார்.

"அம்மா, நான் கடைக்கே திரும்பிடலாம்னு இருக்கேன். தம்பிகிட்ட சொல்லிட்டேன். இன்னைக்கு ஜெபத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

ஆயர் அம்மா முருங்கைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தீய்ஞ்ச சாம்பாருக்காகவா?"

"சாம்பாருக்காக இல்லம்மா." குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு எனக்கும் வாடை வந்துது. நிறுத்தியிருக்கலாம். தெற்குத் தெரு ஒண்ணுதான் பாக்கி. அதுவரைக்கும் ஒரு பேர் தப்பாம சொல்லிட்டு வந்தேன்லா, அந்த ருசி விடல. நான் ஆண்டவர்கிட்ட பேசினேனா, என் ஞாபகத்தைச் சபைக்குக் காட்டினேனா? அது விசுவாசமா, வெறும் பெருமையா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், பிடிபடல."

ஆயர் அம்மா பதில் சொல்லுமுன் அண்டாப் பக்கத்திலிருந்து தவசிமுத்து சத்தம் கொடுத்தார்.

"உபதேசியாரே, இன்னைக்கும் தெற்குத் தெரு உண்டுமா? உண்டுன்னா சொல்லிடுங்க, இன்னொரு அண்டா பருப்பை இப்பவே ஊறப் போட்டுருதேன்!"

கொட்டகையே சிரித்தது. ஞானாபரணம் தலையைக் குனிந்துகொண்டார்.

"கொதி வந்தாச்சும்மா. ஜெபத்தை ஆரம்பிக்கலாம்," என்றார் தவசிமுத்து.

ஆயர் அம்மா எழுந்து போய் அவர் கையிலிருந்த துடுப்பை வாங்கினார். ஆளுயரத் துடுப்பு. அதைக் கொண்டுவந்து ஞானாபரணத்தின் கையில் கொடுத்தார்.

"கிண்டுங்க அண்ணாச்சி."

"ஜெபம்?"

"அதுவும் நீங்கதான்."

அவர் தவித்துப்போனார். எதிரே சபை நின்றது. "சரிம்மா, சுருக்கமா முடிச்சிடுதேன்."

"ஒரு வீட்டையும் விடக்கூடாது. போன வருசம் எங்க பேரு மட்டும் வரலியேன்னு தெற்குத் தெருவுல இன்னமும் சொல்லிக் காட்டுதாங்க."

"இதைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை எப்படிம்மா மூட?"

"உங்களை யார் மூடச் சொன்னா?"

சபை கண்ணை மூடியது. ஞானாபரணம் துடுப்பை அண்டாவின் அடிவரை இறக்கினார். முதல் வீட்டின் பெயர் உடனே வரவில்லை. துடுப்பை ஒரு சுற்றுச் சுற்றினார், பெயர் வந்தது. புகை கண்ணைக் கரித்தது. கை கடுத்தது. ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே போனார்.

இத்தனை நாளும் அவரும் கண்ணை மூடித்தான் ஜெபித்திருந்தார். இப்போதுதான் பார்த்தார். தன் வீட்டுப் பெயர் வரும்போது ஒரு மனுஷி முந்தானையால் வாயைப் பொத்தினாள். வேலை போன பையன் பக்கத்தில் நின்ற அப்பாவின் கையைப் பிடித்தான். தவசிமுத்துவின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவள் பெயரைச் சொன்னபோது அந்தக் கேலிக்காரரின் தாடை நடுங்கியது.

துடுப்பு நிற்கவில்லை. தெற்குத் தெரு வந்தது. கடைசி வீட்டையும் சொன்னார்.

"ஆமென்" என்று சபை சொன்னபோது கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. தவசிமுத்து அருகில் வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்டாவை எட்டிப் பார்த்தார். ஒரு கரண்டி அள்ளி உள்ளங்கையில் விட்டு நக்கினார்.

"தங்கம்!" என்றார்.

மதியம் பந்தி நிரம்பியது. வாசல் வரைக்கும் இலை போட்டும் இடம் போதவில்லை. தெற்குத் தெருக்காரர்கள் கடந்து போகும்போது ஞானாபரணத்தைப் பார்த்து, "உபதேசியாரே, இப்பதான் கணக்குத் தீர்ந்துது!" என்று சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. நெஞ்சு விம்மியது. உடனே பயமும் வந்தது.

ஆயர் அம்மா வாளிகளில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். ஞானாபரணம் அவரிடம் போய் நின்றார்.

"அம்மா, நெஞ்சு முழுக்கப் பெருமையா இருக்கு. போன வருசம் இருந்ததும் இதேதானோன்னு பயமா இருக்கு. இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

ஆயர் அம்மா ஒரு வாளியை நிரப்பி அவர் கையில் கொடுத்தார்.

"போய்ப் பரிமாறுங்க அண்ணாச்சி. ஜனம் தரையில உக்காந்திருக்கு. குனியாம ஒருத்தர் இலையிலயும் ஊத்த முடியாது."