கிராம்புத் தீவுக்குப் போன சேதி

கேளுங்கள் மக்களே, பெரியவர்களும் கேளுங்கள். பாய்மரக் கப்பல்கள் காற்றை நம்பிப் போய், காற்றை நம்பித் திரும்பிய காலம் அது. நெய்தலூர் என்ற துறைமுகத்தில் உலகன் என்றொரு வணிகன் இருந்தான். அவன் மனைவி பெயர் வெள்ளையம்மை.

இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். ஆனால் இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லாதவர்கள்.

ஒரு நாள் உலகன் கேட்டான்: "கிராம்புத் தீவுக்குக் கப்பல் போகிறது. நானும் போகட்டுமா?"

கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். 'போகாதீர்கள்' என்ற சொல் அவள் தொண்டை வரை வந்தது. பிழைப்புக்குப் போகிறவரை மறிப்பதா என்று விழுங்கிவிட்டாள்.

"உங்கள் இஷ்டம்" என்றாள்.

அவன் முகம் வாடியது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மறுவாரம் கப்பல் ஏறிவிட்டான்.

அவன் போன இருபதாம் நாள்தான், தான் முழுகாமல் இருப்பது வெள்ளையம்மைக்குத் தெரிந்தது.

அந்தக் கப்பல் ஆண்டுக்கு ஒரு முறைதான் ஊர் திரும்பும். முதலாம் ஆண்டு வந்தது. உலகன் வரவில்லை. அவன் கொடுத்தனுப்பிய பட்டுச் சேலை ஒன்று வந்தது. ஓலை எங்காவது இருக்குமா என்று மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தாள். இல்லை.

கப்பல் தலைவர் சாத்தப்பன் கேட்டார்: "ஏதாவது சொல்லணுமா, தாயி?"

நாலு மாதக் குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"சுகமாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். இவள் பிறந்ததை மட்டும் சொல்ல வேண்டாம். கப்பலில் யாருமே சொல்லக் கூடாது."

"இதென்ன தாயி, பெற்றவனுக்குத் தெரிய வேண்டாமா?"

"பிள்ளைக்காக வந்தார் என்றால், எனக்காக வரவில்லை என்று ஆகிவிடுமே ஐயா. என்னைத் தேடி வரட்டும்."

இரண்டாம் ஆண்டு பவழ மாலை வந்தது. அவன் வரவில்லை. மாலையைக் கழுத்தில் போடாமல் கைக்குள் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள்.

"என்ன சொல்லட்டும், தாயி?"

"சுகம் என்று சொல்லுங்கள்."

மூன்றாம் ஆண்டு வெள்ளிக் கண்ணாடி வந்தது. இந்த முறை சாத்தப்பன் பாய்மரத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"அவன் அங்கேயே வீடு கட்டப் போகிறான் தாயி. இனிமேல் வருவான் என்று எனக்குத் தோன்றவில்லை. கப்பல் தீவைத் தொட்டதும் முதல் ஆளாக ஓடி வருவான். ஒரே கேள்விதான் கேட்பான். 'என்னை வரச் சொன்னாளா?' சுகமாக இருக்கிறாள் என்பேன். 'நான் இல்லாவிட்டாலும் அவளுக்குச் சுகம்தான். போகாதே என்று அன்றைக்கே சொல்லாதவள்தானே' என்று திரும்பிப் போய்விடுவான். நான் என்ன செய்ய? கொடுத்த சொல்லைத்தானே கொண்டுபோக முடியும்?"

மூட்டை தூக்குகிறவர்கள், மீன் விற்கிறவர்கள், எல்லாரும் சுற்றி நின்றார்கள். வெள்ளையம்மை கூச்சப்படவில்லை.

"நான் சுகமாக இல்லை ஐயா! மூன்று வருஷமாக ஒரு நாள்கூடச் சுகமாக இல்லை. உலைக்கு அரிசி அள்ளும்போதெல்லாம் கை தானாக அவருக்கும் சேர்த்து அள்ளுகிறது. கதவு அசைந்தால் ஓடிப் போய்ப் பார்க்கிறேன். பட்டும் வேண்டாம், பவழமும் வேண்டாம். எனக்கு அவர் வேண்டும். வரச் சொல்லுங்கள்."

"குழந்தையைப் பற்றி?"

"எல்லாவற்றையும் சொல்லுங்கள். நான் மறைத்தேன் என்பதையும் சொல்லுங்கள்."

கப்பல் போயிற்று. அந்த ஓராண்டுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட நீண்ட ஆண்டு. சேதி போய்ச் சேர்ந்ததா, கேட்டவன் மனம் இளகியதா, ஒன்றும் தெரியாது. மழை பெய்தது, வெயில் அடித்தது, காற்று திரும்பியது.

நான்காம் ஆண்டு கப்பல் வந்தது. பெட்டியில்லை, மூட்டையில்லை. வெறுங்கையோடு உலகன் இறங்கினான். காதோரம் நரைத்திருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் கப்பலிலேயே வந்திருப்பேனே" என்றான்.

"ஒரு வார்த்தை நீங்கள் எழுதியிருந்தால் நான் சொல்லியிருப்பேனே" என்றாள்.

மூன்று வயது தாண்டிய மகள் அரும்பு, தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு அந்த அந்நியனைப் பார்த்தாள். அவன் கை நீட்டினான். அவள் வரவில்லை.

உலகன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்போது நடந்தாள்?"

"பதின்மூன்றாம் மாதம்."

"முதலில் என்ன பேசினாள்?"

"'காக்கா' என்றாள்."

"அப்போது யார் பார்த்தது?"

"நான் ஒருத்திதான்."

அவன் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். அன்று தொடங்கிய பேச்சை அவர்கள் பிறகு நிறுத்தவே இல்லை. ஆனால் அரும்பு அவனை 'அப்பா' என்று கூப்பிட இன்னும் ஆறு மாதம் ஆயிற்று. போன வருஷங்களை எந்தக் கப்பலாலும் ஏற்றி வர முடியவில்லை.

ஆகையால் மக்களே, சொல்லாமலே தெரிந்துகொள்வார் என்று காத்திருந்து காலத்தைத் தொலைக்காமல், நெஞ்சில் உள்ள அன்பை உரியவரிடம் உரிய நேரத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.