ஓடையைக் கூறு போட்ட நரி

மலையடிவாரத்து ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரே ஓர் ஓடைதான் ஓடியது. மேலே காட்டுப்பன்றியின் கிழங்குக் கொல்லை. அதற்குக் கீழே யானை குளிக்கிற மடு. மடுவைத் தாண்டியதும் ஓடை இரண்டாகப் பிரியும். ஒரு கிளை ஒரு நீர்ச்சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பள்ளத்தில் விழுந்து வீணாகும். மற்றது நாணல் சேற்றுக்குப் போய்ச் சேரும்.

அந்தக் காட்டுக்குச் சிங்கம் ராஜா, நரி மந்திரி. நரிக்கு அறிவு கொஞ்சம், மிடுக்கு அதிகம். 'மதியூகி' என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டிருந்தது. அதன் உயிர் இரண்டு விஷயங்களில் இருந்தது. ஒன்று மந்திரிப் பதவி, இன்னொன்று நாணல் சேற்று நண்டு. சாயங்காலமானால் நண்டுப் பொந்துக்குள் வாலை விடும். நண்டு கவ்வியதும் வெடுக்கென்று இழுத்துத் தின்னும். இப்படித் தின்று தின்று வாலில் பாதி முடி போய்விட்டது. யாராவது கேட்டால், "நாட்டுக்கு உழைத்து உதிர்ந்தது" என்று பெருமூச்சு விடும்.

நீர்ச்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. காட்டை ஆராய வந்த மனிதர்கள் சக்கரத்தையும் பெட்டியையும் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். சக்கரம் சுற்றினால் மின்சாரம் வரும், மின்சாரம் வந்தால் பெட்டி பேசும். மனிதர்கள் அதைச் செயற்கை நுண்ணறிவு என்றார்கள். அவ்வளவு பெரிய பெயர் விலங்குகளின் வாயில் நுழையவில்லை. பெட்டி என்றே கூப்பிட்டன. எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லும். பொய் சொல்ல மட்டும் அதற்குத் தெரியாது.

அந்த வருஷம் கோடை கொளுத்தியது. ஓடை நூலாய் இளைத்தது. விடிந்தால் தண்ணீர்ச் சண்டை, அடைந்தால் தண்ணீர்ச் சண்டை. சிங்கத்துக்குத் தூக்கமே போய்விட்டது.

"மதியூகி! இந்தச் சண்டையை நீ முடிக்கிறாயா, நான் வேறு மந்திரி பார்க்கட்டுமா?" என்று உறுமியது.

நரி ஓரமாகப் போய் உட்கார்ந்தது. 'எல்லாரையும் கூட்டிக்கொண்டு பெட்டியிடம் போனால் ஒரே நாளில் வழி பிறந்துவிடும். பிறகு மந்திரி எதற்கு என்று ராஜா கேட்டால்?' என்று யோசித்தது. உடனே ஓர் உத்தரவு போட்டது.

"எல்லாரும் தனித்தனியாகத்தான் வரவேண்டும். என் மூலமாகத்தான் கேட்க வேண்டும். கூட்டமாக வந்தால் பெட்டிக்குத் தலைவலி வந்துவிடும்!"

"பெட்டிக்குத் தலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டது கரடி.

"அது அரசாங்க ரகசியம்" என்றது நரி.

முதலில் சாப்பாட்டு ராமனான பன்றி வந்தது. "என் கிழங்கு வாடுகிறதே, மந்திரியாரே!"

நரி பெட்டியிடம் கேட்டது. "கிழங்குக்குத் தண்ணீர் பாய வழி என்ன?"

"ஓடையை மேலேயே வெட்டிக் கொல்லைக்குள் திருப்பலாம்" என்றது பெட்டி. "ஆனால் இந்த ஓடையை வேறு யாராவது நம்பியிருக்கிறார்களா? அவர்களையும் கேட்டுவிட்டால்..."

"அது உனக்கு எதற்கு? கேட்டதற்கு மட்டும் பதில் சொல்!"

அடுத்து யானை வந்தது. தினமும் குளிக்காவிட்டால் அதற்குக் கோபம் கோபமாக வரும். "மடு நிறையவேண்டும்!"

"மடுவிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயைப் பாறை போட்டு அடைக்கலாம். ஆனால் கீழே யாராவது..." என்று பெட்டி ஆரம்பித்தது.

"வாயை மூடு!" என்றது நரி.

கடைசியாகக் கரடி வந்தது. அதன் குகைக்குள் சக்கரத்தின் மின்சாரத்தில் எரிகிற ஒரு மின்விளக்கு இருந்தது. இவ்வளவு பெரிய கரடிக்கு இருட்டென்றால் நடுக்கம். வெளியில் சொன்னால் மானம் போய்விடும் அல்லவா? "படிக்க வெளிச்சம் போதவில்லை" என்று கனைத்துக்கொண்டு சொன்னது. கரடிக்கு எழுத்தே தெரியாது.

"நாணல் சேற்றுக்குப் போகிற கிளையை மண் போட்டு அடைத்தால், முழுத் தண்ணீரும் சக்கரத்துக்கு வரும். ஆனால்..."

"ஆனால் கீனால் எல்லாம் வேண்டாம்!" என்றது நரி.

மூன்றும் ஒரே நாளில் வேலையை முடித்தன. மூன்றுக்கும் மகிழ்ச்சி. சிங்கம் நரிக்கு மாலை போட்டுவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போனது.

சில நாள் கழிந்தது. நாக்கில் எச்சில் ஊற, நரி நாணல் சேற்றுக்குப் போனது. போனால், சேறு எங்கே? தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாணல் காய்ந்து சரசரத்தது. தவளைச் சத்தமே இல்லை. நரி ஒரு பொந்துக்குள் வாலை விட்டுக் காத்திருந்தது. கால் மரத்துப்போகும்வரை காத்திருந்தது. ஒன்றும் கவ்வவில்லை.

அடியாழத்திலிருந்து ஒரு நண்டின் குரல் மட்டும் மெல்லக் கேட்டது. "மந்திரியாரே, கவ்வ எனக்கும் ஆசைதான். தெம்பில்லை."

நரிக்கு அழுகையே வந்துவிட்டது. வாலை உருவிக்கொண்டு பெட்டியிடம் ஓடியது. சக்கரம் அசையாமல் நின்றது. பெட்டி ஊமையாக இருந்தது. அதற்குள் சிங்கம் சபையையே அங்கே கூட்டியிருந்தது.

"ஓடை முழுக்க என் கொல்லையில் பாய்ந்து கிழங்கெல்லாம் அழுகிவிட்டது!" என்று பன்றி கத்தியது.

"என் மடுவுக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. உள்ளதும் நாறுகிறது!" என்று யானை பிளிறியது.

"என் குகையில் விளக்கு எரியவில்லை. படிக்கவே முடியவில்லை!" என்றது கரடி. அதன் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

சிங்கம் நரியைப் பார்த்தது. நரி பெட்டியைக் காட்டியது. "எல்லாம் இதனால்தான், மகாராஜா! கேட்டவர்களுக்கெல்லாம் தப்புத் தப்பாகச் சொல்லிவிட்டது. இப்போது பாருங்கள், குற்றவாளிபோல வாயைத் திறக்காமல் நிற்கிறது!"

"வாயைத் திறக்கவைத்தால் போகிறது" என்ற யானை, துதிக்கையால் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே நின்றது.

"...அந்தச் சேற்றில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்" என்றது பெட்டி, நரி அதன் பேச்சை வெட்டிய இடத்திலிருந்தே. "தப்புத் தப்பாகச் சொன்னாயா?" என்று கேட்டது சிங்கம். "வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வந்தேன். வாயை மூடு என்றார் மந்திரியார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஓடையைத் திருப்பப்போகிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை."

சபையில் எல்லாருடைய பார்வையும் நரிமேல் விழுந்தது. நரி மேகத்தைப் பார்த்தது. அதில் மழை இல்லை.

"இப்போது எல்லாரும் சேர்ந்து கேட்கிறோம். வழி சொல்" என்றது சிங்கம்.

ஒவ்வொருவரும் தங்கள் தேவையைச் சொன்னார்கள். மற்றவர்கள் கேட்கும்படி சொல்லவேண்டியிருந்ததால் யாரும் கூட்டிச் சொல்லவில்லை. கரடிகூடத் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு இருட்டு பயம். ராத்திரிக்கு மட்டும் வெளிச்சம் வந்தால் போதும்" என்றது. யாரும் சிரிக்கவில்லை. மான் மட்டும் லேசாகச் சிரித்தது.

"சுலபம்" என்றது பெட்டி. "கிழங்குக்குக் காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் போதும். பகலெல்லாம் மடு நிரம்பட்டும், யானையார் குளிக்கட்டும். பொழுது சாயும்போது அவரே பாறையைத் தள்ளிவிட்டால் சக்கரம் சுற்றும், கரடியாருக்கு வெளிச்சம் வரும். சக்கரம் தண்ணீரைக் குடிப்பதில்லையே! சுற்றிவிட்டு விழுகிற தண்ணீரைப் பள்ளத்துக்கு விடாமல் நாணல் சேற்றுக்குத் திருப்புங்கள். ஆனால் சேற்றுக்காரர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே. அவர்களைக் கேட்காமல் நான் முடிக்கமாட்டேன்."

"நானே போய்க் கூட்டிவருகிறேன்!" என்று துள்ளிக் குதித்தது நரி. அதன் குரலில் அப்படி ஒரு பாசம்.

"நீ இரு" என்றது சிங்கம்.

ஆமை போய் நண்டைத் தன் முதுகில் ஏற்றி வந்தது. இடம் இல்லாததால் நண்டை நரிக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட்டது. எச்சிலை விழுங்கி விழுங்கி நரிக்குத் தொண்டை வலித்தது.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டது பெட்டி.

"இரண்டு வேண்டும்" என்றது நண்டு. "நாணல் வேர் நனையத் தண்ணீர் வேண்டும். மந்திரியாரின் வால் அந்தப் பக்கமே வரக்கூடாது."

"இரண்டையும் சேர்த்துவிட்டேன்" என்றது பெட்டி.

"அப்படியே ஆகட்டும்!" என்று சிங்கம் தீர்ப்புச் சொன்னது. "கேள்வி கேட்கிற வேலை இனி சபைக்கு. மதியூகிக்குச் சக்கரத்தில் சிக்குகிற சருகை எடுக்கிற வேலை."

ஓடை பழையபடி கீழே வரை ஓடியது. சேறு ஊறியது, தவளைகள் கத்தின. நண்டுகள் கொழுத்துப் பெருகின. நரியின் வாலில் உதிர்ந்த முடியெல்லாம் திரும்ப முளைத்துப் புசுபுசுவென்று ஆகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம், "எவ்வளவு அழகான வால்!" என்றார்கள்.

அதைக் கேட்கும்போதெல்லாம் நரிக்கு அழுகை வந்தது.

நீதி: எல்லாரையும் சேர்த்துக் கேட்காத கேள்விக்கு, எத்தனை பெரிய அறிவாளி சொன்னாலும் பாதிப் பதிலே கிடைக்கும்.