இரண்டு கிலோ சத்துமாவு போன வழி

முத்துக்கனிக்கு வாயே கிடையாது என்று தெருவே சொல்லும். குழாயடிக்கு முதல் ஆளாகப் போய்க் குடத்தை வைப்பாள். கடைசி ஆளாகத் தண்ணீர் பிடித்து வருவாள். ஒருநாள் பஸ்ஸில், "இங்கன நிறுத்துங்க" என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கித் திரும்ப நடந்து வந்தவள். அப்படிப்பட்டவள் வாயைத் திறந்தாள், பால்வாடியில் எடை போட்ட அன்றைக்கு. திறந்த வாயை மூட அரை மணி நேரம் ஆயிற்று.

மகள் தனுஷியாவைத் தராசில் நிறுத்தினார்கள். மூன்று வயசு முடிந்த பிள்ளை. முள் பத்து கிலோவைத் தொட்டதும், இதற்கு மேல் என்னால் ஆகாது என்பதுபோல நின்றுவிட்டது. போன மாதமும் அதே பத்துதான். சண்முகவடிவு டீச்சர் நோட்டைப் புரட்டினார். அதில் பச்சை என்றால் பிள்ளை நன்றாக இருக்கிறது. மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் நர்சம்மா வீட்டுக்கே வந்து விசாரிப்பார். பேனா மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஆடியது.

"ஏட்டி முத்துக்கனி, மாசம் ரெண்டு கிலோ சத்துமாவு தாரேன்லா? அது எங்கட்டி போவுது?"

எங்கே போகிறது என்று முத்துக்கனிக்கு நன்றாகத் தெரியும். அவள் வயிற்றுக்குத்தான் போகிறது. வீட்டில் எல்லோரும் தின்று எழுந்தபிறகு சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அவள் பங்கு. பதினொரு மணிக்கெல்லாம் வயிறு கூவும். பிள்ளை பாயில் தூங்கும். வெல்லம் கலந்த மாவு. கொஞ்சம் தண்ணீர் தெளித்து உருட்டினால் உருண்டை. ஒன்று தின்றால் ஒன்றோடு நிற்கிற பண்டமா அது? பிள்ளை எழுந்து, "உருண்டை எங்கம்மா?" என்று கேட்டால், "கழுகு தூக்கிட்டுப் போயிட்டு" என்று சொல்லிவிடுவாள். மாமியாரோ, "மாவு பூரா எம் பேத்திக்குத்தான்" என்று தெரு முழுக்கப் பெருமை பேசி வைத்திருக்கிறாள். நர்சம்மா வாசலில் வந்து நின்று கேட்டால் கதை கந்தல்தான். 

டீச்சர் முகத்தைப் பார்க்க முடியாமல் முத்துக்கனி சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒரு படம். தானியம், எறும்பு, தவளை, பாம்பு, கழுகு என்று ஒன்றை ஒன்று தின்னுகிற மாதிரி வட்டமாக வரைந்திருந்தது. கழுகிலிருந்து ஓர் அம்புக்குறி மண்ணுக்கு, மண்ணிலிருந்து மறுபடியும் செடிக்கு. ஐந்தாவதோடு நின்ற படிப்புதான். ஆனாலும் அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாதா?

"எறும்பு, டீச்சர்" என்றாள்.

"எறும்பா?"

"சித்தெறும்பு. பாக்கெட்டை வெட்டுன அன்னைக்கே வந்துட்டு. திங்கக்கிழமை கடுகு கணக்கா இருந்துச்சு. சத்துமாவுல்லா டீச்சர்? புதன்கிழமை உளுந்து. வெள்ளிக்கிழமை நாவப்பழம். ஒரு எறும்பு எங்க அம்மிக்குழவியைத் தூக்கிட்டுப் போவுது. அதட்ட எனக்கு வாய் வரல. 'கொஞ்சம் வச்சிருதியா?'ன்னு கேட்டேன். வச்சிட்டுது. நல்ல எறும்பு."

எடை போட வந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுச் செண்பக மதினி, தன் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு கிட்டே வந்தாள். "உன் அடுப்பங்கரைக்கு நான் தெனமும்தான் வாரேன். ஒரு எறும்பையும் காணலியே?"

"எப்படி இருக்கும் மதினி? அதைத்தான் தவளை தின்னுட்டே! கன்னுக்குட்டி கணக்கா ஒரு தவளை. சனிக்கிழமை காலைல கத்துச்சு பாத்துக்கிடுங்க, மெயின் ரோட்டு விலக்குல தென்காசி பஸ்ஸு ஒதுங்கி நின்னுட்டு. பின்னால லாரிதான் ஹாரன் அடிக்குன்னு டிரைவர் நெனச்சுட்டாரு."

முத்துக்கனிக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை சொல் இவ்வளவு நாளும் எங்கே கிடந்தது? மதினி மெல்லச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்தால பாம்பு வருமோ?"

"எப்படி மதினி கண்டுபிடிச்சிய!" என்றாள் முத்துக்கனி, நிஜமாகவே அதிசயப்பட்டவள்போல. "பாம்புன்னு எனக்குத் தெரியாது. கொல்லையில யாரோ புதுசாக் கொடி கட்டியிருக்காகன்னு நெனச்சு நாலு சேலையைக் காயப்போட்டேன். ஒரு முனை வேப்பமரத்துல, மறுமுனை கண்ணுக்கே எட்டல. எடுக்கப் போனா, கொடி சேலையோட குளத்தைப் பாத்துப் போய்க்கிட்டிருக்கு!"

"ஐயையோ, நீ என்ன செஞ்ச?"

"சத்தம் போடக் கூச்சமா இருந்துச்சு. பின்னாலேயே நடந்து ஒண்ணொண்ணா எடுத்து மடிச்சேன். நாலாவது சேலை சரியாக் காயல. அது காயுத வரைக்கும் கூடக் கொஞ்ச தூரம் நடந்தேன்."

ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. பேனாவும் இறங்கவில்லை. அதைப் பார்த்ததும் முத்துக்கனிக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது.

"அந்தப் பாம்பைத் தூக்க வந்துது பாருங்க, ஒரு கழுகு! ரெக்கையை விரிச்சது, தெரு பூரா நிழல். மழை இருட்டிட்டுன்னு எங்க அத்தை மாடியில காஞ்ச வடகத்தை அள்ளிட்டாக. கீழத்தெருவுல வெத நெல்லையே ஊறப்போட்டுட்டாக. பாம்போட தல ஊரைத் தாண்டுனது திங்கக்கிழமை; வால் தாண்டுனது புதன்கிழமை. போற போக்குல எங்க முருங்கை மரத்து மூட்டுல ஒரு எச்சம் போட்டுச்சு. ஒரே எச்சம், மூணு வண்டி எரு! இப்பம் அந்த மரத்துல ஒரு காய் காய்ச்சிருக்கு. ஓடைப் பாலம் இடிஞ்சு கெடக்குல்லா? அந்தக் காயை அறுத்துப் போட்டா வண்டியே போவலாம்."

"கீரை?" என்றார் டீச்சர்.

"வாழையெலை அகலம், டீச்சர்!"

"அப்படின்னா மாவுல உள்ள சத்து பூரா சுத்திச் சுத்தி முருங்கைக்கு வந்துட்டு. அந்தக் கீரையைப் புள்ளைக்கு ஆக்கிப் போட்டிருப்ப. புள்ள யானக்குட்டி கணக்கால்லா இருக்கணும்? ஏன் பத்துலேயே நிக்குது?"

வட்டம் என்றால் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரும் என்பதை முத்துக்கனி யோசிக்கவில்லை. தானே போட்ட அம்புக்குறி தன் முதுகில் குத்தியது. படத்தை மேலும் கீழும் பார்த்தாள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. எழுத்துக் கூட்டி, உதடு அசையப் படித்தாள்: ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கே அடுத்ததற்குச் செல்லும்.

"அங்கதான் டீச்சர் இருக்கு சங்கதி!" என்று துள்ளினாள். "கைமாறக் கைமாறப் பத்துல ஒண்ணுதான் மிஞ்சும். எறும்பு ஓடுனதுல செலவு, தவளை கத்துனதுல செலவு, கழுகு பறந்ததுல செலவு. எறும்புக்கு ரெண்டு கிலோ. தவளைக்கு இருநூறு கிராம். பாம்புக்கு இருவது. கழுகுக்கு ரெண்டே ரெண்டு கிராம். எம் புள்ளைக்கு ஒரு சிட்டிகைகூட வந்து சேரல!"

மதினி விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "கணக்கு சரியாத்தான் இருக்கு, டீச்சர்" என்றாள். டீச்சரும் தலையை ஆட்டினார். முத்துக்கனி மூச்சு விட்டாள். இனி நர்சம்மா வந்தாலும் சமாளித்துவிடலாம் என்று பட்டது.

அப்போதுதான் தனுஷியா படத்துக்குக் கிட்டே போய்க் கழுகைத் தொட்டுப் பார்த்தாள்.

"எம்மா, நான் தூங்கும்போது உருண்டை திங்க வருமே, அந்தக் கழுகா இது?"

முத்துக்கனிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இருபத்திநாலு வருசம் மூடியே கிடந்த வாய்க்கு அதுதானே பழகிய இடம்.

டீச்சர் நோட்டில் எழுதினார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள்.

"நர்சம்மாட்ட சொல்ல மாட்டேன். உன் அத்தைகிட்டயும் சொல்ல மாட்டேன். நாளையிலருந்து காலைல புள்ளையைக் கூட்டிட்டு இங்கன வா. மாவைக் கொழுக்கட்டையாப் பிடிச்சுத் தாரேன். எங்கண்ணு முன்னாலயே திங்கணும். புள்ளைக்கு ரெண்டு, உனக்கு ரெண்டு."

"எனக்கு எதுக்கு, டீச்சர்?"

"கழுகுக்கும் பசிக்கும்லா? இப்பம் மொதல்ல வாயோரத்தைத் துடை. நீ உள்ள நுழைஞ்சதுலருந்து மாவு ஒட்டிக்கிட்டிருக்கு."

முத்துக்கனி விரலால் துடைத்துப் பார்த்தாள். விரல் நுனியில் ஒரு சிட்டிகை மாவு. வீணாக்க மனசு வரவில்லை. யோசிக்காமல் வாயில் வைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்துச் செண்பக மதினி சிரித்த சிரிப்பில், விலக்கில் வந்துகொண்டிருந்த தென்காசி பஸ் ஒதுங்கி நின்றுவிட்டது. நம்பாதவர்கள் டிரைவரைக் கேட்டுக்கொள்ளலாம்.