வெளிச்சுவரில் ஓர் அரிவாள்

அந்தக் காலத்தில், கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பால் பாலாகவே இருந்தது. வைத்தால் கெடும், இல்லாவிட்டால் பூனை குடிக்கும். தயிர் என்ற பேச்சே கிடையாது.

அப்படியொரு பால்பானையில் மணியாள் குடியிருந்தாள். உருண்டை உடம்பு. கடுகு அவளுக்கு மலை. அவள் பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, பாசிமணி கோத்தாற்போல் பின்னாலேயே வருவார்கள்.

பாலில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சர்க்கரை ஓடியாடத்தான் உதவும், உடம்பு வைக்காது. உடம்பு வளர்க்கிற சத்துத் துணுக்குகள் கொஞ்சமே கொஞ்சம் மிதந்தன. பிள்ளைகள் அவற்றை வந்த வேகத்தில் வழித்துத் தின்றுவிட்டார்கள். மிச்சச் சத்தெல்லாம் பாலை வெளுப்பாக்குகிற பெரிய உருண்டைகளுக்குள் இறுகிக் கிடந்தது. மணியாள் ஓர் உருண்டையைத் தன் வீட்டு வாசலுக்குள் தள்ளிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். நுழையவில்லை. பிள்ளைகள் வாடத் தொடங்கினார்கள்.

பக்கத்து வீட்டில் நீட்டாண்டி இருந்தான். குச்சிபோல் நெடியவன். அவனிடம் அருமையான அரிவாள் ஒன்று உண்டு. அதை வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு அவனும் பட்டினி கிடந்தான். அது ஏன் என்று மணியாளுக்குப் புரியவே இல்லை. போய்க் கேட்டேவிட்டாள்.

“ஏனுங்கண்ணா, அருவா இருந்துமா பட்டினி?”

“உருண்டை உள்ள வரோணுமே அம்மிணி. வந்தாத்தானே அறுக்க?”

“அது வாசல்ல நுழையாதுங்க. அருவாளை வெளிச்செவுத்துல மாட்டிப்போடுங்க.”

நீட்டாண்டி முகம் சுளித்தான். “வெளிய அறுத்தா துணுக்கெல்லாம் செதறிப்போகுமல்லோ? கண்டவனும் அள்ளித் தின்னுபோடுவான்.”

“திங்கட்டுமுங்க. எம்பட புள்ளைகளுந்தான் திங்கும். இப்ப உங்களுக்கு ஒரு துணுக்காச்சும் கெடைக்குதுங்களா?”

நீட்டாண்டி பூட்டிக் கிடந்த அரிவாளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். ஆனாலும் கஞ்சத்தனம் லேசில் விடுமா? “எனக்கென்ன தருவ?” என்றான்.

“எங்கூட்டுப் பக்கம் நின்னா உங்களுக்கு ஒரு தெம்பு வருதல்லோ? எங்க அடுப்புப் பொகைதானுங்க அது. வேணுங்கற அளவுக்கு உடறனுங்க.”

நீட்டாண்டி அரிவாளை வெளியே கொண்டுவந்தான். கண்ணை மூடிக்கொண்டு, இனிக் கழற்றவே முடியாதபடி வெளிச்சுவரில் இறுக அறைந்தான்.

மிதந்து வந்த உருண்டை அதில் மோதி இழை இழையாக அறுந்தது. துணுக்குகள் சிதறின. பிள்ளைகள் அவற்றை வாசல் வழியே இழுத்துப்போய், உள்ளே இன்னும் பொடியாக நறுக்கித் தின்றார்கள். மணியாளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. இரண்டு வீடும் பெருகின. எல்லாரும் சர்க்கரையைத் தின்று புளிப்பைக் கக்கினார்கள். புளிப்புத் தாங்காமல் மிச்ச உருண்டைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உறைந்து நின்றன.

பானைக்காரி பூவாத்தா மூடியைத் திறந்தாள். “அட சாமி, பாலு நின்னுபோச்சே!”

கொட்டப் போனவள், விரலால் தொட்டு நக்கினாள். இன்னொரு தரமும் நக்கினாள். பிறகு அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பானைப் பாலில் விட்டாள்.

அன்று முதல்தான் உறை ஊற்றும் கரண்டியில் மணியாளும் நீட்டாண்டியும் சேர்ந்தே குடிபெயர்கிறார்கள். துணுக்கை யார் தின்றாலும் நீட்டாண்டி ஏன் என்று கேட்பதில்லை, கேட்டால் அடுப்புப் புகை நின்றுவிடும்.